ஏழில் ஊதிய விசில்

1

இதை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மாதர் சங்கத்தில் எட்டு வருடம் இருந்தும் ஒரு கூட்டத்திலாவது எழுந்து பேசியதில்லை. நன்றியுரை சொல்லச் சொல்வார்கள் என்ற பயத்தில், கூட்டம் முடிகிற நேரம் பார்த்துத் தேநீர்க் கோப்பை கழுவப் போய்விடுவேன். அப்படிப்பட்டவளிடம் ஆண்டு மலருக்கு எழுதித் தா என்று ராணி அக்கா கேட்டது அவருடைய பெரிய மனது.

ராணி அக்கா எங்கள் ஸ்கந்தபுரம் மாதர் சங்கத்தின் செயலாளர். "கனடாவைப் பற்றி ரெண்டு பக்கம் எழுது. பனி கொட்டுறதை எழுது, இஞ்சை சனம் விரும்பி வாசிக்கும்" என்று கடிதம் போட்டிருந்தார். பனியைப் பற்றி எழுதத்தான் கொப்பி வாங்கினேன். ஆனால் கடிதத்தின் அடியில், இடம் போதாமல் ஓரத்தில் வளைத்து, இன்னும் சில வரிகள் இருந்தன. "பொங்கலுக்குத் திரும்பவும் பரந்தன் பெண்களோடை வலைப்பந்து. எல்லாரும் வருகினம். மேகலா மட்டும் மாட்டன் எண்டு நிக்கிறாள். சிலையைக் கொண்டுபோய் நிப்பாட்டி என்ன செய்யப் போறீங்கள் எண்டு எங்களையே கேக்கிறாள்."

அதை வாசித்த பிறகு பனியைப் பற்றி எழுத முடியவில்லை. மேகலாவுக்குச் சிலை என்ற பெயர் வந்ததற்கு நான்தான் காரணம். அது ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

2

போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த வருடம் ரஹீம் நானா எங்கள் ஊருக்கு வரத் தொடங்கினார். முல்லைத்தீவில் பிறந்து, பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பியவர். வவுனியாவில் சேலை வாங்கி வந்து விற்பார். ஒரு தொலைக்காட்சி, ஒரு சீடி போடும் பெட்டி, சின்ன ஜெனரேட்டர் ஒன்று, இவற்றையும் கொண்டு திரிவார். ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியில் எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேண்டும். "சாறியை மடிப்புக் குலைச்சுப் பாக்கிறாங்கள். சீடியைத் திருப்பித் திருப்பிப் பாத்து அதிலை தலை சீவுறாங்கள்" என்பார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் கூட்டுறவுச் சங்கக்கடையின் நெல்லுக் களஞ்சியத்தில் படம் போட்டார். யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கினோம். போடுவதாகச் சொன்ன தமிழ்ப்படம் கீறல் விழுந்து ஓடவில்லை. சனம் கூக்காட்டியதும் உறையில்லாத வேறொரு சீடியை எடுத்துப் போட்டார். அது கூடைப்பந்தைப் பற்றிய பழைய ஆங்கிலப் படம். கறுப்பு வெள்ளை.

சங்கக்கடை மனேச்சர் தம்பிராசா அண்ணைக்கு ஆங்கிலம் தெரியும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். அவர் ஒரு மூட்டையில் ஏறி இருந்து சத்தமாக விளக்கம் சொன்னார். "இது ரெயில் நிக்காத ஊர். இவை ரெயில் திருத்துற பெடியள். இவன் கொன்னையன், கதைக்கமாட்டான், ஆனால் கெட்டிக்காரன்." விளங்காத இடங்களில் "இப்ப குடும்பப் பிரச்சினை கதைக்கினம்" என்று ஒரே வசனத்தை நாலைந்து தடவை சொன்னார்.

எங்கள் ஊரிலும் ரெயில் இல்லை. அந்தப் பெடியன்களும் எங்களைப் போலக் கான்வஸ் சப்பாத்துப் போட்டிருந்தார்கள். பெரிய பட்டணத்து அணியோடு அவர்கள் விளையாடப் போகும் நாளில் ஊரே கடை பூட்டிக்கொண்டு பின்னால் போனது. பாதிரியாரும் போனார், தலைமயிர் வெட்டுகிறவரும் போனார், பாதி மயிர் வெட்டினபடி ஒருவரும் போனார். நாங்கள் கைதட்டினோம்.

ஆட்டத்தின் கடைசியில், பேச்சுத் திக்கும் அந்தக் கொன்னைப் பெடியனிடம் பந்து வந்தது. அவன் எறியவில்லை. பந்தை வைத்துக்கொண்டு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். முள் நகர்ந்தது. கடைசிக் கணத்தில் எறிந்தான். பந்து மேலே போனது. வளையத்துக்கு ஒரு முழம் இருக்கையில் படம் அப்படியே நின்றது. பிறகு திரை நீலமாகிவிட்டது.

"என்ன, முடிஞ்சுதோ?" என்று மேகலா எழுந்து கேட்டாள்.

"முடிஞ்சுது" என்றார் தம்பிராசா அண்ணை. "இங்கிலீசுப் படம் இப்பிடித்தான் முடியும். பந்து விழுந்திட்டுது எண்டு நாங்கள் விளங்கிக்கொள்ள வேணும்."

ரஹீம் நானாவும் ஓம் என்று தலையாட்டினார். நாங்கள் விளங்கிக்கொண்டோம்.

3

எங்கள் விளையாட்டு வலைப்பந்து. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கூடைப்பந்தில் பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டு ஓடலாம். வலைப்பந்தில் பந்தோடு ஓடக் கூடாது. பந்து கைக்கு வந்தால் மூன்று செக்கனுக்குள் விட வேண்டும். பிந்தினால் விசில் ஊதிப் பந்தை மற்றப் பக்கத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். மேகலா கோல் எறிபவள். வயல் வேலை செய்த நீளக் கை. பத்துப் பந்து எறிந்தால் ஒன்பது விழும். நான் நடுவில் நின்று அவளுக்குப் பந்து கொடுப்பவள். கோல் வட்டத்துக்குள் நான் கால் வைக்கக் கூடாது. வட்டத்தின் ஓரம்வரை கொண்டுவந்து கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். அதனால்தான் அந்த விளையாட்டு எனக்குப் பிடித்தது.

படம் பார்த்த கிழமையே எங்கள் வலைப்பந்து மாறிவிட்டது. ஆட்டம் முடிய அரை நிமிடம் இருக்கையில் மேகலாவிடம் பந்து போனால் மற்றவர்கள் எல்லோரும் அசையாமல் நிற்பார்கள். எதிர்ப்பக்கமும் நிற்கும். மேகலா பந்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்பாள். சுற்றி நிற்கும் சனம் "பத்து, ஒன்பது, எட்டு" என்று கீழ்நோக்கி எண்ணும். ஒன்று என்றதும் எறிவாள். இதற்குப் 'படப் பந்து' என்று பெயர். ஊர் மாட்சுகளில் விசில் பிடித்தது தம்பிராசா அண்ணை. அவரும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு எண்ணுவார். மூன்று செக்கன் என்ற விதி இருப்பதை நாங்கள் மறக்கவில்லை. கடைசி அரை நிமிடத்துக்கு அது பொருந்தாது என்று எப்படியோ எல்லோரும் நம்பிவிட்டோம். படத்தில் அவன் வைத்திருந்தானே. அது வேறு விளையாட்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. வளையம் ஒன்றுதான், பந்தும் ஒன்றுதான் என்று நினைத்தோம்.

பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு உழவு இயந்திரப் பெட்டியிலும் ஒரு பழைய பஸ்ஸிலும் பரந்தனுக்குப் போனோம். கடைகளைப் பூட்டிக்கொண்டுதான் போனோம். பூட்டுவதற்கு ஊரில் இருந்தது மூன்று கடை. மத்தியஸ்தம் வெளியிலிருந்து வந்த ஒரு ரீச்சர். சிரிக்காத மனுசி.

பதினொன்றுக்குப் பதினொன்று. கடைசி அரை நிமிடம் என்று நேரம் பார்ப்பவர் கொடியைத் தூக்கிவிட்டார். நான் பந்தைக் கொண்டுவந்து வட்டத்தின் ஓரத்தில் மேகலாவிடம் கொடுத்தேன். அவள் உடனே எறியக் கையைத் தூக்கினாள். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்தக் கணத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"வைச்சிரு! மேகலா, வைச்சிரு!"

அவள் கை நின்றது. கத்தியது யாரென்று ஒருவருக்கும் தெரியாத இரைச்சலில் எங்கள் சனம் எண்ணத் தொடங்கிவிட்டது. பத்து, ஒன்பது, எட்டு. ஏழு என்னும்போது விசில் ஊதியது. பந்தை அவர்களிடம் கொடுத்தார்கள். நாலு கை மாறி எங்கள் வளையத்துக்குள் விழுந்தது. பதினொன்றுக்குப் பன்னிரண்டு.

4

திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் நடந்ததை எழுதாமல் விட முடியாது.

"மூண்டு செக்கன் தெரியாதோ அவளுக்கு?" என்றார் ஒருவர்.

"கோயில் சிலை மாதிரி எல்லோ நிண்டவள்."

"படத்திலை அவன் விறைச்சுப்போய் நிண்டதெண்டு நினைச்சாளோ? அவன் எறிஞ்சவன், பந்து விழுந்தது!"

"அவனுக்கு நெஞ்சுரம். இவளுக்கு நெஞ்சு நடுக்கம்."

சேர்ந்து எண்ணியவர்கள்தான் இப்படிப் பேசினார்கள். மேகலா முன் ஆசனத்தில் யன்னல் பக்கம் இருந்தாள். இரண்டு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் காலடியில் கிடந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நான்தான் கத்தினேன்" என்பது இரண்டே சொல். பஸ் ஸ்கந்தபுரம் வந்து சேரும்வரை அந்த இரண்டு சொல்லும் வாயில் வரவில்லை.

அந்த வருடமே எனக்கு விசா நேர்முகம் வந்தது. என் கணவர் முன்பே கனடா வந்துவிட்டார். கொழும்பில் ஒரு அறையில் இருத்தி, கணவருக்குப் பிடித்த கறி என்ன, உனக்கு என்ன பொழுதுபோக்கு என்று கேட்டார்கள். வலைப்பந்து என்றேன். மொழிபெயர்த்தவர் கூடைப்பந்து என்று சொல்லியிருக்க வேண்டும். அதிகாரி எத்தனை பேர் விளையாடுவது என்றார். ஏழு என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டு ஐந்து விரலைக் காட்டினார். பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார், விசா போய்விட்டது என்றுதான் எனக்குப் பட்டது. பயத்தில் "ஐந்து, ஐந்து" என்று ஒத்துக்கொண்டேன். ஆகவே கனடாவில் என் கோப்பில் நான் ஒரு கூடைப்பந்து வீராங்கனை.

போகும்போது ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தேன். மேகலா பஸ்சடிக்கு வந்திருந்தாள். "கவனமாப் போயிட்டு வா" என்றாள். பஸ் வெளிக்கிடும்வரை நின்றாள்.

5

இங்கே வந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. பாண் சுடும் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை. மகள் துளசிக்குப் பதினொரு வயது. ஊரில் களஞ்சியத்துக்குள் என் மடியில் இருந்து அந்தப் படத்தைப் பார்த்தவள். இப்போது பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியில் விளையாடுகிறாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். கோபம் வந்தால் மட்டும் தமிழ்.

அவளுடைய முதல் மாட்சுக்கு நான் நாற்பது ரோல்ஸ் சுட்டுக்கொண்டு போனேன். ஊரே வரும் என்றுதான் நினைத்தேன். கூடைப்பந்து என்றால் கடை பூட்டுவார்கள், பாதிரியார் வருவார், பெரிய சத்தமாக இருக்கும். அதைத்தானே படத்தில் பார்த்தேன். மண்டபத்தில் இருந்தது பதினொரு பேர். ஐந்து பேர் கைத்தொலைபேசி பார்த்தார்கள், ஒருவர் நித்திரை. கடைசி நிமிடத்தில் யாரும் அசையாமல் நிற்கவில்லை. யாரிடம் பந்து போகிறது என்று விளங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. வென்றவர்கள் தோற்றவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று கை தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். முப்பத்திரண்டு ரோல்ஸ் திரும்பி வந்தது.

ராணி அக்காவின் கடிதம் வந்த கிழமை, துளசிக்குப் புத்தகம் எடுக்க நூலகத்துக்குப் போனேன். படங்கள் வைத்திருக்கும் தட்டில் அந்தக் கொன்னைப் பெடியனின் முகம் இருந்தது. கையில் பந்து. எடுத்து வந்து மகளையும் இருத்திவைத்துப் போட்டேன்.

அந்த இடம் வந்தது. பந்தை வைத்திருக்கிறான். மணிக்கூட்டைப் பார்க்கிறான். பக்கத்தில் துளசி தன்னை அறியாமல் "பத்து, ஒன்பது, எட்டு" என்று தமிழில் எண்ணத் தொடங்கினாள். எறிந்தான். பந்து மேலே போனது. நான் திரை நீலமாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவில்லை. பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது.

அவர்கள் தோற்றுவிட்டார்கள். அவன் நிலத்தில் இருந்து அழுதான். படம் அதற்குப் பிறகு இன்னும் ஒரு மணித்தியாலம் ஓடியது. அவன் ஊரை விட்டுப் போகிறான், திரும்பி வருகிறான், அடுத்த வருடம் வேறொரு ஆட்டத்தில் வேறொரு கடைசிப் பந்து எறிகிறான், அது விழுகிறது. நாங்கள் பார்த்தது முதலாவது சீடி. இரண்டாவது ஒன்று இருக்கிறது என்று ரஹீம் நானாவுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

"அம்மா, இதுக்கு ஏன் அழுறீங்கள்? இந்த மாதிரிப் படம் எல்லாத்திலையும் கடைசியிலை விழும்" என்றாள் துளசி. "எங்கட கோச்சுக்கு இந்தப் படம் பிடிக்காது. இதைப் பாத்திட்டு வந்து எல்லாரும் கடைசிப் பந்தைத் தாங்களே எறிய வேணும் எண்டு நிக்கினமாம். பக்கத்திலை ஆள் சும்மா நிண்டாலும் குடுக்கமாட்டினமாம்."

இங்கே பிறந்து வளர்ந்தவர்களும் இந்தப் படத்தை நம்பித்தான் பிழை விடுகிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர்கள் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு நம்புகிறார்கள், நாங்கள் பாதியைப் பார்த்துவிட்டு நம்பினோம். ஆனால் எங்கள் பிழைக்கு ஒரு மனிசியைச் சிலையாக்கினோம். விழாத பந்தை விழுந்ததென்று சொல்லிச் சொல்லி அவளைத் தின்றோம்.

6

கிளிநொச்சி ரெலிபோன் கடைக்கு முதல் நாள் எடுத்துச் சொன்னால் ஊருக்குத் தகவல் அனுப்பி ஆளைக் கூப்பிடுவார்கள். இங்கே காலை ஐந்து மணி, அங்கே பின்னேரம் நாலு. தொலைபேசி அட்டையைச் சுரண்டி இலக்கத்தை மூன்று தடவை அடித்த பிறகு கிடைத்தது.

"ஆர், சாந்தியோ? என்னடி, ஆரும் செத்துப்போச்சினமோ? ராணி அக்கா ஒண்டும் சொல்லாமல் போ எண்டவா. சைக்கிள் செயின் ரெண்டு தரம் கழண்டு, கையெல்லாம் கிறீஸ்."

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை மேகலா. அந்தப் படம்... ரஹீம் நானா போட்ட படம்."

"படமோ? படக்கதை சொல்லவோ கனடாவிலை இருந்து எடுக்கிறாய்?"

"அதுக்கு ரெண்டாவது சீடி இருக்கு. நாங்கள் பாத்தது பாதி."

"அப்ப அவன் எறிஞ்ச பந்து?"

"விழேல்லை."

"விழேல்லையோ!"

"வளையத்திலை பட்டு வெளியாலை போட்டுது. தோத்துப்போச்சினம்."

பிறகு கேட்டது அவளுடைய சிரிப்பு. "விழுந்திட்டுது எண்டு நாங்கள் விளங்கிக்கொள்ள வேணும்!" என்று தம்பிராசா அண்ணையின் குரலில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கடையில் நின்றவர்களும் சிரிப்பது கேட்டது.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும். "மேகலா, அண்டைக்குப் பரந்தனிலை வைச்சிரு எண்டு கத்தினது நான்."

"தெரியும்."

"தெரியுமோ?"

"நீ கத்தி நான் அண்டைக்குத்தான் முதல்முதல் கேட்டனான். ஆரடி இதெண்டு திகைச்சதிலைதான் என்ர கையே நிண்டது."

"பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்தனான். பஸ்ஸுக்குள்ளை பாத்தன். அடுத்த நாள் பாத்தன். நீ வெளிக்கிட்ட அண்டைக்கும் பஸ்சடியிலை நிண்டு பாத்தனான். பிறகு நீ போயிட்டாய். இல்லாத ஆளிலை பழியைப் போட்டு எனக்கென்ன வரப்போகுது?"

பின்னால் கடைக்காரர், "அக்கா, வெளியிலை ரெண்டு பேர் நிக்கினம்" என்றார். "நிக்கட்டும் தம்பி, நான் ரெண்டு வருசமா நிக்கிறன்" என்றாள் மேகலா.

"நான் இதை மலரிலை எழுதட்டோ?" என்று கேட்டேன்.

"எழுது. நீ கத்தினதை எழுது. நான் நிண்டதையும் எழுது, மூண்டு செக்கன் எனக்குத் தெரியும், நான் ஒண்டும் பச்சைப்பிள்ளை இல்லை. ஆனால் சனம் சேந்து எண்ணினதை வடிவா எழுது. ராணி அக்காவும் எண்ணினவா. அவாவை விட்டிடாதை."

"பொங்கலுக்கு நிப்பியோ?"

"மலர் வரட்டும். வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்றாள். அதோடு அட்டையில் காசு முடிந்துவிட்டது.

ராணி அக்கா, நீங்களும் எண்ணினீர்கள். நான் நடுவில் நின்றேன், நீங்கள் கோட்டுக்கு வெளியே கையை ஆட்டி ஆட்டி எண்ணியதைப் பார்த்தேன். இந்தப் பக்கத்தை வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாவிட்டால் என் பெயரையும், கத்தியது நான் என்பதையும், பந்து விழவில்லை என்பதையும் மட்டும் போட்டால் போதும்.

7

அடுத்த நாள் வேலை முடிந்து வரும் வழியில் படத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். மேசையில் இருந்த பெண் திகதியைப் பார்த்துவிட்டு, பிந்திவிட்டது என்றாள். ஓம் என்றேன்.